பல் செட்டுக்குள் ஒரு டைட்டானியம் ஃபிரேம்: லேசர் அதை எப்படிச் செய்கிறது?

பல் கட்டிக்கொள்ளப் போகிறவர்கள் பல்லின் நிறத்தைப் பார்ப்பார்கள், சிரித்தால் எப்படி இருக்கிறது என்று கண்ணாடியில் பார்ப்பார்கள். அது நியாயம்தான். ஆனால் டென்டல் லேபில் வேலை பார்க்கும் என்னைக் கேட்டால், அந்தப் பற்களுக்குள் மறைந்திருக்கும் உலோகத்தைப் பற்றித்தான் முதலில் பேசுவேன். கான்கிரீட்டுக்குள் கம்பி மாதிரி, நான்கைந்து பற்களையோ ஒரு தாடையின் மொத்தப் பற்களையோ சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். லேபில் அதற்கு ஃபிரேம் என்று பேர். மேலே இருக்கும் பல் தெறித்தால் மாற்றிவிடலாம். ஃபிரேம் சரியாக உட்காரவில்லை என்றால், அதன் மேல் எவ்வளவு அழகாகப் பல் வைத்தாலும் பிரயோஜனமில்லை.

இந்த ஃபிரேமை டைட்டானியத்தில், லேசரால் எப்படிச் செய்கிறார்கள் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பல் மருத்துவமனையில் "டிஎம்எல்எஸ் போடலாம்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பலர் அதை ஒரு உலோகத்தின் பெயர் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அது உலோகம் இல்லை, செய்முறையின் பெயர். டைரக்ட் மெட்டல் லேசர் சின்டரிங் என்பதன் சுருக்கம். நம் ஊர் லேப்களில் வெறுமனே டிஎம்எல்எஸ் கேப் என்று சொன்னால் பெரும்பாலும் கோபால்ட்-குரோம் கலவையைத்தான் குறிக்கும். அதே வகை இயந்திரத்தில் டைட்டானியத்தையும் போடலாம். ஆகவே "என்ன முறை?" என்பது ஒரு கேள்வி, "என்ன உலோகம்?" என்பது வேறு கேள்வி. இரண்டையும் கேளுங்கள்.

சரி, ஏன் டைட்டானியம்?

1950-களின் தொடக்கத்தில் ஸ்வீடனில் பெர்-இங்வார் பிரோனமார்க் என்ற ஆராய்ச்சியாளர், முயலின் கால் எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைப் பார்க்க டைட்டானியத்தில் ஒரு சிறு கருவியைப் பொருத்தியிருந்தார். ஆய்வு முடிந்து கழற்றப் போனபோது அது வரவில்லை. எலும்பு அதோடு ஒட்டி வளர்ந்திருந்தது. அதிலிருந்து 1965-இல் அவர் ஒரு மனிதரின் தாடையில் டைட்டானியம் திருகுகளைப் பொருத்தினார். இன்று நாம் இம்ப்ளான்ட் என்று சொல்வது அங்கிருந்து வந்ததுதான். உடம்பு டைட்டானியத்தை ஏற்றுக்கொள்வதற்குப் பெரிய காரணம், காற்று பட்ட உடனேயே அதன் மேல் உருவாகும் ஆக்சைடு தோல். சில நானோமீட்டர் கனம்தான் இருக்கும். கீறினாலும் உடனே திரும்ப மூடிக்கொள்ளும். உள்ளே இருக்கும் உலோகம் எச்சிலில் கரையாமல் அது காக்கிறது.

எடையும் ஒரு காரணம். ஒரு கன சென்டிமீட்டர் டைட்டானியம் 4.5 கிராம். கோபால்ட்-குரோம் 8 கிராமுக்கு மேல். மேல்தாடையில் தொங்கும் பெரிய செட்டுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு, மலிவான கேப்களில் வரும் நிக்கல்-குரோம் ஆகாது; அவர்களுக்கும் டைட்டானியம் நல்ல வழி.

இந்த உலோகத்தின் மூலப்பொருள் நமக்கு அந்நியமும் இல்லை. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கருமணல் எடுக்கிறார்களே, அதில் இருக்கும் இல்மனைட் என்ற தாது டைட்டானியமும் இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்தது. மணலில் ஏராளமாகக் கிடைத்தும் டைட்டானியம் விலை கூடுதலாக இருப்பதற்குக் காரணம், அதை அந்த ஆக்சிஜனிடமிருந்து பிரிப்பது அவ்வளவு கடினம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். லேபிலும் இதே ஆக்சிஜன்தான் எங்களுக்குத் தொல்லை.

வார்ப்புக்கு அடங்காத உலோகம்

பல் லேப்களில் ஃபிரேம் செய்யும் பழைய முறையைச் சுவாமிமலையில் சிலை வார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். முதலில் மெழுகில் உருவம் செய்வோம். அதைச் சுற்றி அச்சுக் கலவையை ஊற்றி இறுகவிடுவோம். சூடாக்கினால் மெழுகு வடிந்து போகும். அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தைச் செலுத்தினால் ஃபிரேம் வந்துவிடும். 1907-இல் வில்லியம் டாகார்ட் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் இந்த முறையைப் பல் வேலைக்குப் பிரபலமாக்கினார். நூறு வருஷத்துக்கு மேலாக நாங்கள் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

தங்கக் கலவை இதற்கு அருமையாக ஒத்துழைக்கும். கனமான உலோகம், சுழற்றினால் தன் எடையாலேயே அச்சின் மெல்லிய மூலைகளுக்குள் பாய்ந்துவிடும். டைட்டானியம் அப்படி இல்லை. முதலில், அது உருகுவதற்கு 1668 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்தச் சூட்டில் அது ஆக்சிஜன், நைட்ரஜன், அச்சுக் கலவையில் இருக்கும் சிலிக்கா என்று எது கிடைத்தாலும் அதோடு வினை புரியும். விளைவாக வார்ப்பின் மேற்பரப்பில் கண்ணாடி போல இறுகி நொறுங்கும் ஒரு தோல் உருவாகும். அதை அமிலத்திலும் கல்லிலும் தேய்த்து எடுக்க வேண்டும். எடுத்தால் அளவு மாறிப்போகும். இரண்டாவது, அது இலேசான உலோகம் என்பதால் தங்கத்தைப் போலப் பாய்ந்து நிரம்பாது. உள்ளே குமிழிகள் நின்றுவிடும். வெளியே பளபளவென்று இருக்கும் வார்ப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் நடுவில் ஓட்டை இருக்கும். ஆர்கான் வாயுவுக்குள் வார்க்கும் தனி இயந்திரங்கள் வந்தன, தனி அச்சுக் கலவைகள் வந்தன. ஆனாலும் டைட்டானியம் வார்ப்பு சாதாரண லேப்களில் வேர்பிடிக்கவே இல்லை.

எலும்புக்கு இவ்வளவு இணக்கமான உலோகம் உலைக்கு இணங்கவில்லை. மொத்தமாக உருக்கினால் கெட்டுப்போகிறது. அப்படியானால் துளித்துளியாக உருக்கினால் என்ன? லேசர் முறையின் சாரம் இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடுகிறது.

தூளில் வரையும் லேசர்

1980-களில் அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் கார்ல் டெக்கார்டு என்ற மாணவர், தன் பேராசிரியர் ஜோ பீமனோடு சேர்ந்து, தூளைப் பரப்பி அதன்மேல் லேசரை ஓட்டி ஒட்டவைக்கும் முறையை உருவாக்கினார். அதற்கு சின்டரிங் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சின்டரிங் என்றால் முழுதாக உருகாமல், சூட்டில் துகள்கள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்வது. செங்கல் சூளையில் நடப்பது கிட்டத்தட்ட அதுதான். மண் உருகி ஓடுவதில்லை, இறுகிச் சேர்கிறது. ஆனால் இன்றைய டைட்டானியம் ஃபிரேமில் நடப்பது அது அல்ல. 1990-களில் ஜெர்மனியின் ஆஹென் நகரத்து ஃபிரான்ஹோஃபர் லேசர் ஆய்வு நிலையத்தில், உலோகத் தூளை முழுவதுமாக உருக்கிச் சேர்க்கும் முறையை உருவாக்கினார்கள். இப்போதைய இயந்திரங்களும் தூளை முழுதாகவே உருக்குகின்றன. பெயரில் மட்டும் சின்டரிங் நின்றுவிட்டது. ஃபிரேமுக்குள் காற்று இடைவெளி ஏறக்குறைய இல்லாமல், வார்ப்பைவிட அடர்த்தியாக வருவதற்கு இந்த முழு உருகல்தான் காரணம்.

இயந்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்று அருகில் போய்ப் பார்க்கலாம். முதலில் தூள். பெரும்பாலும் 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் சேர்ந்த டைட்டானியம் கலவை. ஒவ்வொரு துகளும் ஏறக்குறைய 15 முதல் 45 மைக்ரான் வரை இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான். துகள் உருண்டையாக இருப்பது முக்கியம். கடுகைத் தட்டில் கொட்டினால் உருண்டு தானாகப் பரவும். மைதாவைக் கொட்டினால் குவியலாக நிற்கும். டைட்டானியத் தூள் கடுகைப் போல ஓடினால்தான் ஒரே சீரான அடுக்காகப் பரவும். அதற்காகவே உருகிய உலோகத்தை வாயுவால் சிதறடித்து உருண்டைத் துளிகளாக உறையவைக்கிறார்கள்.

இயந்திரத்தின் அறையில் காற்றை வெளியேற்றி ஆர்கான் நிரப்புவோம். கோபால்ட்-குரோமுக்கு நைட்ரஜன் போதும். டைட்டானியம் நைட்ரஜனோடும் வினை புரியும் என்பதால் அதற்கு ஆர்கான்தான். ஒரு தகடு, அதன்மேல் 30 மைக்ரான் கனத்துக்குத் தூள். லேசர் வந்து ஃபிரேமின் முதல் அடுக்கு எங்கெல்லாம் வர வேண்டுமோ அங்கெல்லாம் கோடு கோடாக ஓடுகிறது. அந்தப் புள்ளியில் தூள் உருகி, லேசர் நகர்ந்த கணமே உறைகிறது. தகடு 30 மைக்ரான் கீழே இறங்கும். ஒரு கத்தி போன்ற பட்டை வந்து புதுத் தூளைப் பரப்பும். மறுபடி லேசர். ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு 33 அடுக்கு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 12 மில்லிமீட்டர் உயரமுள்ள ஃபிரேமுக்கு 400 அடுக்கு. கண்ணாடி வழியே பார்த்தால் சாம்பல் நிறப் படுக்கையில் ஒரு வெள்ளைப் பொறி விர்ரென்று ஓடும், நிற்கும், தூள் மூடும், திரும்ப ஓடும். முதல் தடவை பார்த்தபோது நான் அரை மணி நேரம் அங்கிருந்து நகரவில்லை.

எந்த ஒரு நேரத்திலும் உருகி நிற்பது ஊசிமுனை அளவு உலோகம்தான். அது தொடுவதற்குச் சிலிக்கா அச்சும் இல்லை, ஆக்சிஜனும் இல்லை. வார்ப்பில் டைட்டானியத்தைக் கெடுத்த இரண்டும் இங்கே ஒரேயடியாக விலகிவிடுகின்றன.

இதைப் பல் வேலைக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்துக் குழு ஒன்று. ஜான்-பியர் குருத் என்ற இயந்திரவியல் பேராசிரியரின் குழு பல் மருத்துவர்களோடு சேர்ந்து, 2000-களின் நடுவிலேயே இம்ப்ளான்ட்டுகளின் இருப்பிடத்தை டிஜிட்டலாக அளந்து, அதற்கேற்ற ஃபிரேமை லேசரில் உருக்கிச் செய்து காட்டியது. அதே பல்கலைக்கழகத்திலிருந்து கிளைத்த லேயர்வைஸ் நிறுவனம், 83 வயது மூதாட்டி ஒருவருக்கு முழுக் கீழ்த்தாடையையே டைட்டானியத் தூளிலிருந்து செய்துகொடுத்தது. 2012-இல் அந்தச் செய்தி உலகம் முழுக்கப் பேசப்பட்டது.

தூளைப் பற்றி இன்னும் ஒன்று. உருகாமல் மிச்சமாகும் தூளைச் சலித்துத் திரும்பப் பயன்படுத்துவோம். ஒவ்வொரு சுற்றிலும் அது கொஞ்சம் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும். அதிகமானால் உலோகம் முறியும் தன்மைக்குப் போகும். இந்தக் கலவையில் மருத்துவத்துக்கான, தூய்மை கூடிய ரகத்தில் ஆக்சிஜன் 0.13 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மெல்லிய டைட்டானியத் தூள் தீப்பிடிக்கவும் செய்யும். அந்தத் தீயில் தண்ணீர் ஊற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும். லேபில் வேலைக்குச் சேரும் பையன்களுக்கு நான் முதல் நாளில் சொல்வது இதைத்தான்.

வெட்டியதும் முனை தூக்கிய லாடம்

இதுவரை படித்ததும், "அப்படியானால் பட்டனை அழுத்தினால் ஃபிரேம் வந்துவிடும்" என்று தோன்றலாம். தோன்றக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் வேலை கற்றுக்கொண்ட லேபில், கீழ்த்தாடைக்கு லாட வடிவத்தில் ஒரு முழு ஃபிரேம் போட்டோம். அவசர வேலை. இயந்திரம் முடிந்ததும் தகட்டிலிருந்து ஃபிரேமை அறுத்தோம். கடைசி இணைப்பு விட்டதும், லாடத்தின் இரண்டு முனையும் லேசாக மேலே தூக்கிக்கொண்டன. கையில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நோயாளியின் தாடை மாடலில் வைத்தால் கடைசி இம்ப்ளான்ட்டின் மேல் ஒரு மெல்லிய நிழல் மாதிரி இடைவெளி. அந்த ஃபிரேமைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்பச் செய்தோம்.

நடந்தது இதுதான். ஒவ்வொரு அடுக்கும் உருகி உறையும்போது சுருங்கும். கீழே ஏற்கெனவே உறைந்த அடுக்கு அதைச் சுருங்க விடாது. இந்த இழுபறி அடுக்குக்கு அடுக்கு சேர்ந்துகொண்டே போகும். தகட்டோடு ஒட்டியிருக்கும் வரை அது அடங்கிக் கிடக்கும். அறுத்ததும் வெளியே வரும். இதற்கு மருந்து, அறுப்பதற்கு முன்பே தகட்டோடு சேர்த்து உலையில் வைத்து, ஆர்கானிலோ வெற்றிடத்திலோ சுமார் 800 டிகிரிக்குச் சூடாக்கி மெதுவாக ஆறவிடுவது. உள்ளே இருக்கும் இறுக்கம் தளர்ந்துவிடும். இன்னொரு நன்மையும் உண்டு. கொல்லர் பழுக்கக் காய்ச்சிய அரிவாளைத் தண்ணீரில் தோய்த்தால் அது இறுகுகிறதே, அதுபோல லேசரில் சட்டென்று உறைந்த டைட்டானியமும் மிகக் கடினமாக, வளையாமல் முறியும் தன்மையோடு இருக்கும். உலைச் சூடு அதற்குக் கொஞ்சம் வளைந்துகொடுக்கும் குணத்தைத் தருகிறது. அவசரத்துக்காக இந்தப் படியைத் தவிர்க்கும் லேப், கண்ணுக்குத் தெரியாத கடனை நோயாளியின் தாடையில் ஏற்றுகிறது என்பேன்.

அது ஏன் அவ்வளவு முக்கியம்? நம் சொந்தப் பல், வேருக்கும் எலும்புக்கும் இடையில் நார் மெத்தை ஒன்றில் உட்கார்ந்திருக்கிறது. கடிக்கும்போது சில பத்து மைக்ரான் இறங்கி ஏறும். இம்ப்ளான்ட்டுக்கு அந்த மெத்தை கிடையாது. எலும்போடு இறுகியிருப்பதால் அது சில மைக்ரான்தான் அசையும். பொருந்தாத ஃபிரேமைத் திருகால் இறுக்கி உட்காரவைத்தால், இழுப்பு முழுவதும் திருகின் மேலும் எலும்பின் மேலும் இறங்கும். பல் மாதிரி நகர்ந்து சமாதானமாகிவிடாது. நாளாக நாளாகத் திருகு தளரும், சில சமயம் முறியும், மேலே ஒட்டிய பல் தெறிக்கும்.

இழுப்பே இல்லாமல் தானாக உட்கார வேண்டும். இதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. நான்கு இம்ப்ளான்ட்டின் மேல் ஃபிரேமை வைத்து, ஒரு கடைசித் திருகை மட்டும் இறுக்குவார்கள். மற்ற மூன்று இடமும் அப்படியே ஒட்டி நிற்க வேண்டும். எதிர் முனை தூக்கினால் ஃபிரேம் சரியில்லை. டாக்டர் மெல்லிய ஊசிக் கருவியால் விளிம்பைத் தடவிப் பார்ப்பார், ஈறுக்குக் கீழே இருந்தால் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார். உங்களுக்கு இந்தச் சோதனை நடக்கும்போது ஒரு பக்கம் இறுக்கினால் தாடையில் இழுக்கிற மாதிரி இருந்தால், தயங்காமல் சொல்லுங்கள். "பழகிவிடும்" என்று பொறுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இல்லை இது.

லேசரில் வந்த பரப்பு சொரசொரப்பாக இருக்கும். பாதி உருகிய துகள்கள் ஒட்டியிருக்கும். அதனால் இம்ப்ளான்ட்டோடு சேரும் முகங்களில் மட்டும் கொஞ்சம் கூடுதல் உலோகம் விட்டு அச்சிட்டு, பிறகு கணினி இயந்திரத்தில் கடைந்து துல்லியமாக்குவது நல்ல வழக்கம். உடலை லேசர் செய்கிறது, உட்காரும் இடத்தைக் கடைசல் செய்கிறது. ஈறு பக்கம் வரும் இடங்களைக் கண்ணாடி போல பாலிஷ் செய்வது இன்றும் கைவேலைதான். பல் ஒட்டும் பக்கத்தைச் சொரசொரப்பாகவே விடுவோம், பிடிமானத்துக்கு.

மேலே பல் வைக்கும்போது

ஃபிரேமின் மேல் அக்ரிலிக் பல் ஒட்டுவதானால் பெரிய சிக்கல் இல்லை. பீங்கான் ஏற்றுவதானால் கவனம் வேண்டும். சூடாகும்போது டைட்டானியம் விரிவது கோபால்ட்-குரோமைவிடக் குறைவு. சாதாரணப் பீங்கானை அதில் ஏற்றினால், ஆறும்போது இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்கிப் பீங்கான் வெடித்துவிடும். அதுவும் போக, 882 டிகிரியைத் தாண்டினால் தூய டைட்டானியத்தின் படிக அமைப்பே மாறும். ஆகவே குறைந்த சூட்டில் உருகும் தனிப் பீங்கான், அதற்கென்று ஒட்டுப்பூச்சு. கோபால்ட்-குரோமுக்கு வைத்திருக்கும் டப்பாவையே எடுத்துப் பூசினால் பீங்கான் ஒட்டி நிற்காது.

எல்லோருக்கும் இது வேண்டுமா?

ஒற்றைக் கேப்புக்கு லேசர் டைட்டானியம் தேவையில்லை என்பது என் கருத்து. அதற்கு ஜிர்கோனியா என்ற வெள்ளைப் பீங்கான் வகை, கோபால்ட்-குரோம் என்று நல்ல வழிகள் இருக்கின்றன. இம்ப்ளான்ட்டின் மேல் வரும் நேரான உலோகக் கட்டை (லேபில் 'பார்' என்போம்) மாதிரி வேலைகளுக்கு, முழு டைட்டானியம் வட்டிலிருந்து கடைந்து எடுப்பது இன்னும் துல்லியமாகவே வரும். வட்டின் பெரும்பகுதி சீவலாகப் போகும் என்பதுதான் நஷ்டம்.

லேசர் பளிச்சிடும் இடம் வேறு. உள்ளே குழிவுகளும் வலைப்பின்னலும் உள்ள, கடைசல் கருவி நுழைய முடியாத வடிவங்கள். பல நோயாளிகளின் ஃபிரேம்களை ஒரே தகட்டில் ஒன்றாகப் போடுவது. அப்புறம், சில பற்களுக்கு மட்டும் வரும், கழற்றி மாட்டும் செட். மீதமிருக்கும் பற்களைக் கவ்விப் பிடிக்கும் கொக்கியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். டைட்டானியத்தின் விறைப்பு கோபால்ட்-குரோமில் ஏறக்குறையப் பாதிதான். அதே அளவுக் கொக்கி அதே விசையில் இரண்டு மடங்கு வளைந்துகொடுக்கும். தினமும் கழற்றி மாட்டும்போது சொந்தப் பல்லை அது வதைக்காது. ஆனால் அதே காரணத்தால் அண்ணத்தில் வரும் தகட்டைச் சற்றுக் கனமாக வைக்க வேண்டியிருக்கும். மெல்லிசாக வைத்தால் வளையும். வடிவமைப்பவர் கோபால்ட்-குரோமுக்குப் போட்ட டிசைனை அப்படியே டைட்டானியத்துக்கு அனுப்பக் கூடாது என்று நான் ஒவ்வொரு முறையும் சொல்வது இதனால்தான்.

போட்ட பிறகு, ஃபிரேமுக்கும் ஈறுக்கும் நடுவில் தினமும் சின்ன பிரஷ்ஷை விட்டுச் சுத்தம் செய்யுங்கள். உலோகம் கெடாவிட்டாலும் அங்கே தங்கும் அழுக்கு ஈறையும் எலும்பையும் கெடுக்கும். அமிலத்தன்மை கூடிய ஃபுளோரைடு ஜெல் டைட்டானியத்தின் ஆக்சைடு தோலை அரிக்கக்கூடியது. அப்படி ஏதாவது பயன்படுத்தச் சொன்னால், வாயில் டைட்டானியம் இருப்பதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வேலை முடிந்ததும் மூன்று விவரங்களை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: ஃபிரேமின் உலோகக் கலவை எது, இம்ப்ளான்ட் எந்தக் கம்பெனி எந்த அளவு, டிசைன் ஃபைல் எந்த லேபில் இருக்கிறது. பத்து வருஷம் கழித்து வேறு ஊரில் ஒரு திருகு தளர்ந்தால், அங்கே இருக்கும் டாக்டர் முதலில் கேட்கப்போவது இந்தத் தாளைத்தான்.